படிவத்தில் எல்லாமே ‘இல்லை’: பாதியில் நின்ற ஓர் அவசர எம்.ஆர்.ஐ.

வார்டிலிருந்து போன் வந்தபோது இரவு 11.40. “ஸ்பைன் எம்.ஆர்.ஐ., அவசரம், பேஷண்டை அனுப்பியாச்சு.” அனுப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. அனுப்பியாகிவிட்டது. அன்றிரவு நடந்த எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஸ்கேன் அறை டெக்னீஷியன். நோயாளியின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, ஆய்வுக்குத் தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

வந்தவர்

54 வயது ஆண். ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். இடுப்பு வலி பல வருடங்களாக வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. மூன்று நாளாக வலி இரண்டு கால்களின் பின்பக்கமும் இறங்கியிருக்கிறது. அன்று காலை முதல் உட்காரும் இடத்தில் மரப்பு. “பஞ்சு வெச்ச நாற்காலியிலே உட்கார்ந்த மாதிரி இருக்கு” என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். மதியத்துக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை. அதைவிட முக்கியம், கழிக்க வேண்டும் என்ற உணர்வே அவருக்கு வரவில்லை. சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் போட்டதும் 850 மி.லி. வெளியேறியது. அவ்வளவு நிரம்பியிருந்தால் வேறு யாரானாலும் துடித்துப்போயிருப்பார்கள். இவர் அமைதியாகப் படுத்திருந்தார். டாக்டரைப் பயமுறுத்தியது அந்த அமைதிதான்.

தண்டுவடம் முதுகெலும்பின் கடைசிவரை போவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனி இழைகளாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரை வால் போலிருப்பதால் லத்தீனில் அதே பொருளில் ‘காடா ஈக்வைனா’ என்று பெயர். எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி அந்த வாலை நசுக்கினால் கால்கள், சிறுநீர்ப்பை, மலவாய், பாலுறவு உணர்வு எல்லாமே கேள்விக்குறியாகும். நசுக்கம் நீடிக்க நீடிக்கத் திரும்பக் கிடைப்பது குறையும். டாக்டர் அவசரப்பட்டதில் தவறே இல்லை.

ஏன் எம்.ஆர்.ஐ.தான் கேட்டார்கள்

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. சி.டி. டிஸ்க்கை ஓரளவு காட்டும். நரம்பு இழைகளையும், அவற்றைச் சுற்றியுள்ள நீரையும், நீர் எந்த இடத்தில் வற்றிப்போயிருக்கிறது என்பதையும் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் கருக்கள்தான் அதற்கு மூலப்பொருள். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுள்ளது. அதற்குள் அந்தக் கருக்கள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால், அதாவது எஃப்.எம். அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, அவற்றைத் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடும் சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்குகிறார்கள். எக்ஸ்ரே கதிர் எதுவும் கிடையாது. இந்தப் படமாக்கும் வழிக்காகத்தான் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பக்கவாதத்தில் அடைப்பு ஏற்பட்ட சிறிது நேரத்திலேயே பாதித்த மூளைப்பகுதியைக் காட்டுவது, முழங்கால் தசைநார்க் கிழிசல், கல்லீரல் கட்டி, புராஸ்டேட், இதயத் தசையின் தழும்பு, எலும்பு மஜ்ஜையில் கிருமி என்று இதன் பயன்கள் ஏராளம். நுரையீரலுக்கும், விபத்தில் வந்தவரை நிமிடங்களில் தலை முதல் இடுப்புவரை பார்ப்பதற்கும் சி.டி.யே கைகொடுக்கும்.

ஆனால் வெறும் இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. கேட்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நினைவுக்கு வரும். முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தார்கள். 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் வீங்கியிருந்தது. 27 விழுக்காட்டினருக்குத் துருத்திக்கொண்டிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வலிக்கத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவருடைய நிலை அப்படியல்ல. இரண்டு காலிலும் வலி, உட்காருமிடத்தில் மரப்பு, சிறுநீர்த் தேக்கம் மூன்றும் சேர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டும்.

படிவம்

11.52-க்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. கூடவே அவர் மனைவி, ஒரு வார்டு உதவியாளர், நிரப்பிய படிவம். முப்பது கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று டிக். பேஸ்மேக்கர் இல்லை, மூளையில் கிளிப் இல்லை, காதில் காக்ளியர் கருவி இல்லை, உடம்பில் உலோகத் துணுக்கு இல்லை. டிக்குகள் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் மேலிருந்து கீழே ஓடியிருந்தன. வலியில் இருப்பவர் படிவத்தை அப்படித்தான் நிரப்புவார். ‘இல்லை’ போட்டால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் வழக்கம், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் இன்னொருமுறை கேட்பது. அதையும் இயந்திரம்போலக் கேட்டுவிடலாம். நானும் பலமுறை அப்படிக் கேட்டிருக்கிறேன். அன்று ஏதோ பேச்சுவாக்கில்தான் அது வந்தது.

“ஐயா, எப்பவுமே கணக்கு வேலைதானா?”

“இருபத்திரண்டு வருஷமா. அதுக்கு முன்னாடி லேத் பட்டறை, தம்பி.”

“கிரைண்டிங் எல்லாம் பண்ணுவீங்களா?”

“பண்ணாம? எல்லாம் பண்ணுவோம்.”

“கண்ணாடி போட்டுக்குவீங்களா?”

சிரித்தார். அந்த வலியிலும் சிரித்தார். “யாரு போட்டா?”

“கண்ணுல பிசிறு விழுந்திருக்கா?”

“விழும். கர்ச்சீப் நுனியிலே எடுத்துடுவாங்க. ஒரு தடவைதான் டாக்டர்கிட்ட போய் எடுத்தது.”

எடுத்தாகிவிட்டது என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தேன். அதுவரை சுவரோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி குறுக்கிட்டார்.

“ஒண்ணைத்தானே எடுத்தாங்க? இன்னொண்ணு உள்ளே தள்ளிப் போயிடுச்சு, தொட்டா கண்ணுக்கே ஆபத்து, அப்படியே கிடக்கட்டும்னு சொன்னாரே. மறந்துட்டீங்களா?”

அவர் மறந்துதான் போயிருந்தார். முப்பது வருடம் தொந்தரவு தராத ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ‘உடம்பில் உலோகத் துணுக்கு உண்டா’ என்ற கேள்விக்கு அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் ‘உலோகத் துணுக்கு’ என்ற பெயரில் எதுவும் பதிவாகவில்லை. ‘பிசிறு’ என்ற பெயரில்தான் அது இருந்தது.

கதவுக்கு வெளியே இன்னொன்று

ஸ்ட்ரெச்சரைத் திருப்பச் சொன்னேன். உதவியாளர் திருப்பும்போது கீழ்த்தட்டில் மூடியிருந்த போர்வை நழுவியது. உள்ளே ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். இவருக்கு ஆக்சிஜன் தேவைப்படவே இல்லை. முந்தைய நோயாளிக்கு வைத்ததை யாரும் எடுக்கவில்லை. எஃகு சிலிண்டர். கண்ணைப் பற்றிய பேச்சு வராதிருந்தால் அதைக் கதவருகே பார்த்திருப்பேனா? பார்த்திருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை. அங்கே எங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதுதான் விதி. ஆனால் வலியில் துடிப்பவரை இரண்டுமுறை தூக்க வேண்டாம் என்று உதவியாளர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்.

2001 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஆறு வயதுச் சிறுவன் இப்படித்தான் இறந்தான். அவன் எந்திரத்துக்குள் இருந்தபோது அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்தது. அந்த ஓட்டத்தில் அது அவன் தலையைத் தாக்கியது. அதற்கு அடுத்த வருடம் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியிலிருந்துதான் இன்று எங்கும் சொல்லப்படும் நான்கு மண்டலப் பிரிவு வந்தது. முதல் மண்டலம் யாரும் நடமாடுவது. இரண்டாவதில் நோயாளியிடம் கேள்விகள் கேட்கப்படும். மூன்றாவதற்குள் பயிற்சி பெற்றவர் அழைத்துப்போனால்தான் நுழைய முடியும். நான்காவது, காந்தம் இருக்கும் அறை. அன்றிரவு எங்கள் ஸ்ட்ரெச்சர் கேள்விகளை முடிக்காமலே மூன்றாவதில் நின்றுகொண்டிருந்தது.

இங்கே எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: “மெஷினை ஆஃப் பண்ணிட்டு உள்ளே கொண்டுபோகலாமே?” ஆஃப் பண்ண முடியாது. ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஞாயிறு நடுநிசியிலும், கணினி அணைந்திருந்தாலும் காந்தம் இருந்துகொண்டே இருக்கும். நயோபியம்-டைட்டானியம் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிறது. அதில் மின்தடை இல்லை என்பதால் ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே நிறுத்த ஒரே வழி ‘குவென்ச்’ பொத்தான். அதை அழுத்தினால் ஹீலியம் கொதித்து ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து குழாய் வழியே கூரைக்கு மேலே பாயும். குழாய் அடைத்திருந்தால் அறைக்குள் ஆக்சிஜன் இல்லாமல் போகும். காந்தத்தோடு ஒட்டி ஒருவர் நசுங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே அழுத்த வேண்டிய பொத்தான் அது.

கண்ணில் இருந்தது

முதலில் கண்குழி எக்ஸ்ரே. மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. துணுக்கு கண்விழியில் இருந்தால் பார்வையோடு சேர்ந்து நகரும். வலது பக்கத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. நகர்ந்ததா இல்லையா என்பதில் எனக்கும் ரேடியாலஜி டாக்டருக்கும் ஒத்துப்போகவில்லை. “சி.டி.க்குக் கொண்டுபோங்க. கண்குழியும் இடுப்பும் ஒரே படுக்கையிலே எடுத்துடலாம்” என்றார். அன்றிரவின் மிகச் சரியான முடிவு அதுதான்.

சி.டி.யில் தெரிந்தது: சுமார் 3 மி.மீ. நீள உலோகச் சிலும்பு, விழிக்கோளத்துக்கு வெளியே, பின்பக்க வெண்படலத்தைத் தொட்டுக்கொண்டு. உள்ளே இரும்பு இருந்திருந்தால் முப்பது வருடத்தில் அது கரைந்து பார்வையைக் கெடுத்திருக்கும். வெளியே இருந்ததால் தப்பித்திருக்கிறார்.

காந்தம் அதை என்ன செய்யும்? இரண்டு வேலை செய்யும். தன்னை நோக்கி இழுக்கும், தன் திசைக்குத் திருப்பும். இழுவிசை மிக அதிகமாக இருப்பது குழாயின் நடுவில் அல்ல, வாயருகே. புலம் அங்கேதான் அடிக்கு அடி செங்குத்தாக ஏறுகிறது. அதாவது ஸ்கேன் தொடங்கும் முன்பே, நோயாளியை உள்ளே தள்ளும்போதே, ஆபத்து நடந்துவிடலாம். 1986-இல் ஒரு நரம்புக் கதிரியக்கவியல் இதழில் பதிவான நிகழ்வில் தகட்டு வேலை பார்த்த ஒருவரின் கண்ணுக்குள் இருந்த துணுக்கு அசைந்து, ரத்தம் கசிந்து, பார்வை கெட்டது. அந்தக் காந்தம் வெறும் 0.35 டெஸ்லா. தசையில் பதிந்த துணுக்கைத் தழும்பு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணில் அந்தப் பிடிமானம் கிடையாது.

இடுப்பு சி.டி.யில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி நரம்புக் குழாயை முழுக்க அடைத்திருந்தது. 12.50-க்கு ரிப்போர்ட். விடிவதற்குள் அறுவை சிகிச்சை.

எடுத்தே இருக்கலாமா?

அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில் இதை வைத்தபோது ஒரு மூத்த ரேடியாலஜிஸ்ட் முகத்துக்கு நேரே மறுத்தார். “வெளியே இருக்கிற துணுக்கு, முப்பது வருஷமா அசையாதது. இதற்கு எம்.ஆர்.ஐ.யை நிறுத்தியது மிகை. சி.டி.யில் ஒன்றும் தெரியாமல் போயிருந்தால்? கிருமிச் சீழோ கட்டியோ நசுக்கியிருந்தால் சி.டி. அதைத் தவறவிடலாம்.”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சி.டி. வெறுமையாக வந்திருந்தால் அடுத்து முதுகில் ஊசிபோட்டு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம், இல்லையென்றால் கண் டாக்டரை எழுப்பி, ஆபத்தை நோயாளியிடம் சொல்லி, ஒப்புக்கொண்டால் எம்.ஆர்.ஐ. நரம்பு சாகிற நிலையில் ஒரு கண்ணைப் பணயம் வைக்கலாமா என்பது அப்போது உண்மையான கேள்வியாகியிருக்கும். ஆனால் என் கருத்து மாறவில்லை. விடை சி.டி.யிலேயே கிடைக்கக்கூடியதாக இருந்தது, துணுக்கு வெண்படலத்தைத் தொட்டிருந்தது, என்ன இரும்பு என்று யாருக்கும் தெரியாது. மொத்தத்தில் செலவானது ஒரு மணி நேரம். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தாலும் அதில் பாதி ஆகியிருக்கும்.

‘உலோகம்’ என்ற ஒற்றைச் சொல்

இந்தச் சொல் இரண்டு பக்கமும் தவறு செய்கிறது. ‘பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐ.யே கூடாது’ என்று இன்றும் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நிபந்தனையோடு எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவில் 2011-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அப்படி வடிவமைக்கப்படாத கருவி வைத்திருந்தவர்களுக்கு 1.5 டெஸ்லாவில், மார்பைத் தவிர்த்து, எடுத்த 1,500 ஸ்கேன்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. ஸ்கேனின்போது யாரும் இறக்கவில்லை, எந்த வயரும் பழுதாகவில்லை. இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டிவந்தது. ஸ்கேனுக்கு முன் அதை விதிப்படி மாற்றியமைக்காமல் விட்டிருந்தார்கள்.

மறுபக்கம், 1993-இல் பதிவான சம்பவத்தில், மூளை ரத்தக்குழாயில் காந்தத்துக்கு இழுபடும் கிளிப் வைத்த ஒருவர், அது அசைந்து ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். ஆகவே ‘டைட்டானியம்னு சொன்னாங்க’ என்ற வாய்வார்த்தை போதாது. கருவியின் மாடலும் அட்டையும் வேண்டும். அட்டையில் பச்சைச் சதுரம் இருந்தால் எந்தக் காந்தத்திலும் பிரச்சினை இல்லை. மஞ்சள் முக்கோணம் நிபந்தனைக்கு உட்பட்டது. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு இருந்தால் கதவைத் தாண்டக் கூடாது. அதிகம் மாட்டிவிடுவது மஞ்சள்தான். 1.5 டெஸ்லாவில் சரி என்ற கருவி 3 டெஸ்லாவில் சரியாக இருக்க வேண்டியதில்லை.

பறக்கும் பொருள்களைப் பற்றிச் செய்தி வரும். ஆனால் நடைமுறையில் நோயாளிக்கு ஏற்படும் காயங்களில் முதலிடம் தீப்புண்ணுக்கு. ரேடியோ அலை உடம்பைச் சூடாக்குகிறது. இயல்பு நிலை வரம்பு, முழு உடம்புக்கு ஒரு கிலோவுக்கு 2 வாட். ஆனால் கைகளைக் கோத்துக்கொண்டாலோ, வெறும் தொடைகள் ஒட்டியிருந்தாலோ, ஈ.சி.ஜி. வயர் சுருண்டு தோலில் கிடந்தாலோ, மின்னோட்டம் ஒரு வளையமாகச் சுற்றி அந்த ஒரு புள்ளியில் சுடும். உலோகப் பூச்சுள்ள மருந்து ஒட்டுகள், வெள்ளி இழை கலந்த விளையாட்டு உடைகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். சுடுவதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் கையில் கொடுத்திருக்கும் அழைப்புப் பந்தை அழுத்த வேண்டும். நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், படம் கெட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். காதடைப்பான் கட்டாயம். சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும்.

படத்தில் சில பகுதிகளை எடுப்பாகக் காட்டப் போடும் கடோலினியம் ஊசி இவருக்குத் தேவைப்பட்டிருக்காது. டிஸ்க் தெரிய அது வேண்டாம். கிருமியோ கட்டியோ சந்தேகித்தால் வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு தோலும் தசையும் இறுகும் நோய் வருவதை 2006-இல் கண்டுபிடித்தார்கள். கடோலினியத்தை இறுக்கமாகப் பிடித்துவைக்கும் வளைய வடிவ மருந்துகள் இப்போது அதிகம் பயன்படுவது அதனால்தான். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கலாம். இந்த ஊசியைத் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

பிறகு

கதீட்டர் ஒன்பதாம் நாள் எடுக்கப்பட்டது. சிறுநீர் தானாகப் போனது. உட்காருமிடத்து மரப்பு முழுக்கப் போகவில்லை. இடது பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

படிவத்தில் ‘உலோகத் துணுக்கு உண்டா?’ என்ற வரியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக நான்கு கேள்விகள்: லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை எப்போதாவது பார்த்ததுண்டா? கண்ணில் பிசிறோ பொறியோ விழுந்ததுண்டா? டாக்டர் எடுத்தாரா? எல்லாவற்றையும் எடுத்தாரா? நான்காவது கேள்வி அந்த அம்மாவுடையது. வீட்டார் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். ‘அனுப்பியாச்சு’ என்று வார்டிலிருந்து இப்போதும் போன் வருகிறது. கேள்வி முடியும்வரை ஸ்ட்ரெச்சர் இரண்டாவது மண்டலத்திலேயே நிற்கிறது.

வீட்டுக்குப் போகும் நாளில் அவருக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம்: ‘வலது கண்குழியில் 3 மி.மீ. உலோகத் துணுக்கு, சி.டி.யில் உறுதி. எம்.ஆர்.ஐ.க்கு முன் ரேடியாலஜிஸ்டைக் கேட்கவும்.’ வாங்கிப் படித்துவிட்டுத் தன் பர்ஸில் வைக்கப் போனார். மனைவி கையை நீட்டி வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.